பெயர் வைக்கப்படாத தலைப்பிரட்டை

2003 அக்டோபர் 16 அன்று வெளியான ‘நேச்சர்’ அறிவியல் இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. எழுதியவர்கள் இருவர். ஒருவர், திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ்.டி. பிஜு. மற்றவர், பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசுயிட். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கட்டப்பனை அருகே, ஏலத் தோட்டங்களை ஒட்டிய சிதைந்த காட்டுப்பகுதியில் கிடைத்த ஒரு தவளையைப் பற்றியது அக்கட்டுரை. அதுவரை அறிவியல் பதிவேட்டில் அத்தவளைக்கு இனப்பெயர் இல்லை, பேரினப்பெயர் இல்லை, அதைச் சேர்க்கத்தக்க குடும்பமும் இல்லை. மூன்றையும் அந்த ஒரே கட்டுரை வழங்கியது. நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்பது அதன் பெயர். நாசிகாபட்ராகிடே என்பது அதன் குடும்பம். தமிழ்ச் செய்தித்தாள்கள் அதை ஊதாத் தவளை என்றும் பன்றிமூக்குத் தவளை என்றும் எழுதின.

பார்ப்பதற்கு அது தவளை என்ற சொல் மனத்தில் எழுப்பும் வடிவத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. ஏறத்தாழ 7 செ.மீ. நீளமுள்ள உப்பிய உடல். அதற்குச் சற்றும் ஒவ்வாத சிறு தலை. அதன் நுனியில் வெளிறிய, கூம்பிய மூக்கு. மிகச் சிறிய கண்கள். மண்ணைப் பறிப்பதற்கென்றே அமைந்த குட்டையான, வலிய கால்கள். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கிறது. கறையானை உண்கிறது. அதையும் மேலே வந்து தேடுவதில்லை. மண்ணுக்குள்ளேயே, குறுகிய மூக்கைக் கறையான் வழிகளில் நுழைத்து உண்கிறது.

உருவத்தைவிட உறவுதான் அறிவியலாளரை வியக்கச் செய்தது. மரபணுக்களை ஒப்பிட்டபோது, அதன் நெருங்கிய உறவினர் இந்தியாவில் எங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 3000 கி.மீ. அப்பால், செஷல்ஸ் தீவுகளின் மலைக்காடுகளில் வாழும் சூக்ளாசிடே குடும்பத்துச் சிறு தவளைகளே அதன் உறவினர் என்று தெரிந்தது. அக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். அவற்றுள் ஒன்று ஒரு செ.மீ. அளவே வளரும். இந்த இரு கிளைகளும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது என்று கணக்கிடப்பட்டது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. ஆகவே அத்தவளையின் முன்னோர் கடலைக் கடக்கவில்லை. அவர்கள் நின்றிருந்த நிலம்தான் இரண்டாகி, இடையில் கடல் புகுந்தது. அதே இதழில் விளக்கவுரை எழுதிய பிளேர் ஹெட்ஜஸ் அதைத் தவளைகளின் சீலகாந்த் என்று குறித்தார். அழிந்துபோனதாகக் கருதப்பட்டு 1938-ல் உயிரோடு பிடிபட்ட தொல்மீன் சீலகாந்த்.

இவ்வளவு தொன்மையான உயிரி, இவ்வளவு அண்மையில் ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற முரண் அன்றைய செய்திகளுக்கெல்லாம் தலைப்பானது. ஆனால் இந்தத் தவளையின் வரலாறு 2003-ல் தொடங்கவில்லை. அச்சில் மட்டும் பார்த்தாலும் அது 85 ஆண்டுகள் பின்னே செல்கிறது.

கல்கத்தாவில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழ் 1907-ல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் நெல்சன் அன்னண்டேல். எடின்பரோவில் பிறந்து, 1904-ல் அருங்காட்சியகப் பணிக்கு வந்த விலங்கியலாளர். 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வகம் உருவானபோது அதன் முதல் இயக்குநர். நன்னீர்க் கடற்பஞ்சு, நத்தை, பல்லி, தவளை என்று அவர் கைவைக்காத உயிரினக் கூட்டம் குறைவு. அவர் 1918-ல் அந்த இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்திய மலைகளில் கிடைத்த, அதுவரை விவரிக்கப்படாத தலைப்பிரட்டைகள் சிலவற்றைப் பற்றியது அது. அவற்றுள் ஒன்று, மலையோடைகளின் வேகத்துக்கென வடிவமைந்தது. தலையின் அடிப்பகுதியில் உறிஞ்சுகிண்ணம் போன்ற வாய். அதனால் பாறையைக் கவ்விக்கொண்டு, பாய்ந்தோடும் நீரிலும் நகராமல் நிற்கக்கூடியது. அன்னண்டேல் அதை விவரித்தார். அதன் தாய் தந்தையான தவளை அவர் கைக்கு எட்டவில்லை. 1924-ல் அவர் மறைந்தார். அந்தத் தலைப்பிரட்டை, பெற்றோர் இன்னாரென்று அறியப்படாமல் ஏட்டில் நின்றுவிட்டது.

விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. பெயர் சூட்டுவதற்கு வளர்ந்த உயிரிதான் வேண்டும் என்று அவ்விதிகள் கேட்பதில்லை. முட்டையிலிருந்து வந்த இளம்பருவ உடலை வைத்தும் பெயரிடலாம். உரிய முறையில் விவரித்திருந்தால் அப்பெயர் செல்லும். முதலில் வந்த பெயருக்கே முன்னுரிமை. 1918-ல் அந்தத் தலைப்பிரட்டைக்கு ஒரு பெயர் வைக்கப்பட்டிருந்தால், இன்று இத்தவளையை உலகம் அப்பெயரால்தான் அழைத்துக்கொண்டிருக்கும். 2003-ன் பெயருக்கு இடமே இருந்திராது. விவரிப்பு இருந்தது, பெயர் இல்லை. ஆகவே பதிவேட்டின் கணக்கில் அது இல்லாததாயிற்று.

இதை அன்னண்டேலின் தவறென்று சொல்ல முடியாது. பெற்றோர் தெரியாத குழந்தைக்குப் பெயரிடத் தயங்குவது விலங்கியலில் நல்ல ஒழுக்கமே. ஏற்கெனவே பெயர்பெற்ற ஏதேனும் ஒரு தவளையின் குழந்தையாக அது இருந்துவிடவும் கூடும். ஆனால் அந்தத் தயக்கத்துக்குள் மொழி சார்ந்த ஒரு பழக்கமும் இருக்கிறது. ஆட்டின் குழந்தை ஆட்டுக்குட்டி. மீனின் குழந்தை மீன்குஞ்சு. பெயரிலேயே உறவு தெரிகிறது. தவளையின் குழந்தையோ தலைப்பிரட்டை. அந்தச் சொல்லில் தவளை இல்லை. ஆங்கிலச் சொல்லும் பழைய வடிவில் தேரையையும் தலையையும் சேர்த்து உருவானதே என்பர்; இன்று பேசுவோருக்கு அந்தத் தேரை கேட்பதில்லை. மலையாளம் மட்டும் சற்று வேறுபடுகிறது. அங்கே தலைப்பிரட்டை வால்மாக்ரி. அதாவது வாலுள்ள தவளை. தமிழ் தலையைப் பார்த்தது, மலையாளம் வாலைப் பார்த்தது. வாலைப் பார்த்த சொல்லே தவளையையும் தன்னுள் வைத்துக்கொண்டது. நீரில் வாழும் ஒன்றும் மண்ணில் வாழும் ஒன்றும் ஒரே உயிர் என்பதைக் கண்ணும் எளிதில் ஏற்பதில்லை, சொல்லும் எளிதில் ஏற்பதில்லை.

இந்தத் தவளையின் வாழ்க்கை அந்தப் பிரிவை இன்னும் அகலமாக்குகிறது. கோடை கழிந்து முதல் மழை மண்ணை நனைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் சில நாள்கள் மட்டுமே வளர்ந்த தவளைகள் மேலே வருகின்றன. அதற்கு முன்பே ஆண் தவளை மண்ணுக்கடியிலிருந்து குரலெழுப்பத் தொடங்கிவிடுகிறது. 2014-ல் அக்குரலைப் பதிவுசெய்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. பெரும்பாலும் நிலத்துக்குள் இருந்தபடியே அழைக்கும் தவளை இது. தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழி இதற்கு முழுமையாகப் பொருந்தாது. குரல் கேட்கும், ஆள் தெரியாது. ஆண் மிகச் சிறியது. பெண்ணின் முதுகின் பின்பகுதியைப் பற்றிக்கொள்ளும் அதைச் சுமந்தபடி பெண் தவளை ஓடைக்குச் செல்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் அவ்வோடைகளின் பாறைக் குழிகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பின் இரண்டும் மண்ணுக்குள் மறைகின்றன. சில நாள்களில் தலைப்பிரட்டைகள் வெளிவந்து, பருவமழை பெருகியதும் பாறைகளில் ஒட்டிக்கொள்கின்றன. பாசியைச் சுரண்டி உண்டு, ஏறத்தாழ நூறு நாள்களில் உருமாறி, அவையும் மண்ணுக்குள் இறங்குகின்றன. ஆக, தவளையைக் காண ஆண்டில் சில இரவுகள். தலைப்பிரட்டையைக் காண மூன்று மாதங்களுக்கு மேல். அன்னண்டேலின் காலத்தில் சேகரிப்பாளர் கைக்குக் குழந்தை கிடைத்ததும் பெற்றோர் கிடைக்காததும் தற்செயல் அல்ல.

அந்த நூறு நாள்களை அறிவியலுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் உண்டு. இடுக்கி மலைகளின் பழங்குடிக் குடியிருப்புகள் சிலவற்றில், மழைக்காலத்தில் ஓடைப் பாறைகளிலிருந்து இத்தலைப்பிரட்டைகளைத் திரட்டி உணவாகக் கொள்கின்றனர். ஆஷிஷ் தாமஸும் எஸ்.டி. பிஜுவும் 2015-ல் இதை ஆவணப்படுத்தினர். பாய்ந்தோடும் வெள்ளத்தில் பாறையின் எந்தப் பக்கத்தில் அவை கூடியிருக்கும், எந்த மழைக்குப்பின் எவ்வளவு வளர்ந்திருக்கும், எந்த ஓடையில் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பவையெல்லாம் தெரியாமல் ஒருவர் அவற்றை உணவாக்க முடியாது. பசியோடும் பருவத்தோடும் பிணைந்த அறிவு அது. அது ஏட்டில் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவை அந்த அறிவை உடையவர்களுக்கு இருக்கவில்லை.

கண்டுபிடித்தல் என்ற தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கண்டு, பிடித்தல். பார்த்தவரும் பிடித்தவரும் யார் என்று கேட்டால் விடை 2003 ஆகாது, 1918-ம் ஆகாது.

இடுக்கிக்கு இது புதிய கதையும் அல்ல. இடுக்கி என்ற பெயரே இடுக்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் மலையாளத்திலும் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. பெரியாறு குறவன், குறத்தி என்னும் இரு பாறை மலைகளுக்கிடையே நெருக்கிப் பாயும் இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேட்டைக்கு வந்த ஒரு தோட்ட அதிகாரிக்கு அந்த இடுக்கைக் காட்டியவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர் என்று அப்பகுதியினர் சொல்கின்றனர். அணைக்கு அருகில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ள வளைவு அணை எழுந்து, 1976-ல் மின்திட்டம் செயல்படத் தொடங்கியது. அதற்குள் மலையின் முகமும் மாறியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பரவிவந்த ஏலமும் தேயிலையும் ஒருபுறம். 1950-களில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அரசு ஊக்குவித்த குடியேற்றங்கள் மறுபுறம். கட்டப்பனை அப்படி வளர்ந்த ஊர்களில் ஒன்று. இந்தத் தவளையின் முதல் அறிவியல் முகவரி ஆளரவமற்ற பெருங்காடு அல்ல, அத்தகைய ஓர் ஊரின் விளிம்பு என்பது கவனிக்கத்தக்கது. காடு திருத்தப்பட்டபோதும் தவளை மண்ணுக்குள் இருந்தது. மேலே நடந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

அப்படியானால் அறிவியல் செய்தது என்ன? தனித்தனியே இருந்தவற்றை ஒட்டவைத்தது. 2003-ன் கட்டுரை தவளையைச் செஷல்ஸோடு இணைத்தது. 2004-ல் சுஷீல் குமார் தத்தா, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட மற்றொரு குழு, ஆனைமலைப் பகுதியில் கிடைத்த தவளையை வைத்து ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தொல்குலம் கட்டப்பனைக்கு வெளியிலும் வாழ்கிறது என்று அதனால் தெரிந்தது. 1918-ன் பெற்றோரற்ற தலைப்பிரட்டை இந்தத் தவளையின் குழந்தையே என்பதும் துலங்கியது. 2012-ல் ‘ஸூடாக்ஸா’ இதழில் வெளியான கட்டுரைகள் முட்டையிலிருந்து உருமாற்றம் முடியும்வரை அதன் வளர்ச்சியைப் படிப்படியாகப் பதிந்தன. ஒரு பாதி கல்கத்தா ஏட்டில், மறுபாதி கட்டப்பனை மண்ணில் என்று 85 ஆண்டுகள் பிரிந்திருந்த உயிர் ஒன்றானது. இது சிறிய செயல் அல்ல. பாறையில் ஒட்டியிருப்பதும் மண்ணைத் தோண்டுவதும் ஒரே உயிர் என்று தெரிந்தால்தான், அதைக் காப்பதற்கு ஓடையும் வேண்டும், அதையொட்டிய மண்ணும் வேண்டும் என்று சொல்ல முடியும்.

அந்த ஒட்டுக்குச் சூட்டப்பட்ட பெயரையும் பார்க்க வேண்டும். நாசிகா என்பது சமஸ்கிருதம், மூக்கு. பட்ராகஸ் கிரேக்கம், தவளை. சஹ்யாத்ரி என்ற சமஸ்கிருத மலைப்பெயரோடு சேர்ந்த கடைசி விகுதி லத்தீன். இன்ன இடத்தைச் சேர்ந்தது என்று பொருள்படும். மூன்று செம்மொழிகள் ஒரு தவளையின் பெயருக்குள் கூடியிருக்கின்றன. அத்தவளை வாழும் மலைகளில் பேசப்படும் எந்த மொழியும் அதில் இல்லை. உலகெங்கும் ஒரே பெயர் செல்ல வேண்டும் என்பதால் அறிவியல் பெயருக்கு லத்தீன் வடிவம் தேவை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பெயரில் இடம்பெறும் மொழிகளைக் கொண்டு அறிவின் மூலத்தை அளக்கத் தொடங்கினால், ஓடைக்கரையில் நின்றவர்கள் அளவைக்குள் வரமாட்டார்கள்.

மலையாளம் தன் வழியில் பெயர் வைத்துக்கொண்டது. பாதாளத் தவளை என்பது ஒன்று. மாவேலித் தவளை என்பது மற்றொன்று. பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட மகாபலி ஆண்டுக்கு ஒருமுறை தன் மக்களைக் காண மேலே வருகிறான் என்பது ஓணத்தின் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வரும் தவளைக்கு அவன் பெயர் பொருந்துகிறது. காலம் மட்டும் ஒத்துப்போகவில்லை. மகாபலி மழை ஓய்ந்த ஆவணியில் வருவான். தவளை மழை தொடங்கும் முன்பே வந்து போய்விடும். ஓணக் காலத்தில் ஓடையில் இருப்பவை, மண்ணுக்குள் இறங்கக் காத்திருக்கும் அதன் குழந்தைகளே. ஆயினும் லத்தீன் பெயர் மூக்கைச் சொல்ல, மலையாளப் பெயர் வாழ்முறையைச் சொல்கிறது. வாழ்முறையை அறிந்தவரே அப்படி ஒரு பெயர் வைக்க முடியும்.

2017-ல் இக்குடும்பத்துக்கு இரண்டாவது இனம் சேர்ந்தது. இம்முறை மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தை ஒட்டிய பகுதியில். அதன் பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. ஊர்வன, நீர்நில வாழ்வன ஆகியவற்றை ஆராய்ந்து, 2014-ல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது உயிரிழந்த சுப்பிரமணியன் பூபதியின் நினைவாக வைக்கப்பட்டது. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இனப்பெருக்கம் செய்கிறது; கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவமழையில். ஒரே மலைத்தொடர், இரு சரிவு, இரு மழை. மலைமுகட்டின் இருபுறமும் வாழும் மனிதரின் விதைப்பும் அறுப்பும் வேறுபடுவதைப் போலவே, மண்ணுக்கடியில் இருக்கும் தவளைகளின் நாள்காட்டியும் வேறுபடுகிறது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு வைகாசியில் மட்டும் தேடிச் செல்பவருக்குக் கிழக்குச் சரிவில் இத்தவளையின் ஓசைகூடக் கேட்டிராது.

இந்த வரலாற்றில் இன்னும் தீராத ஒரு கேள்வி உண்டு. 2015-ன் கட்டுரை, தலைப்பிரட்டைகளை உணவுக்காகத் திரட்டுவது இத்தவளைக்கு நேரடி அச்சுறுத்தல் என்று கூறியது. ஓர் ஓடையின் குழந்தைகளைப் பெருமளவில் எடுத்துவிட்டால் அந்த ஓடையின் தவளைக் கூட்டம் குறையும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அச்சுறுத்தல்களின் பட்டியலில் அது ஒன்றே ஒன்று அல்ல. ஏலத்துக்கும் காப்பிக்கும் இஞ்சிக்கும் திருத்தப்பட்ட காடு உண்டு. தவளை இறங்கிச் செல்லும் வழியை அறுத்துச் செல்லும் சாலை உண்டு. ஓடைகளின் குறுக்கே எழும் தடுப்பணை உண்டு. பாய்ச்சல் நின்று நீர் தேங்கிவிட்டால், பாறையைக் கவ்வுவதற்கென அமைந்த அந்த வாய்க்கு வேலை இல்லை. இவற்றுள் கையில் கூடையோடு ஓடையில் நிற்பவரைத் தடுப்பதே எளிது. காடு திருத்தியவர், சாலை போட்டவர், அணை கட்டியவர் யாரும் ஓடையில் நிற்பதில்லை.

பாதுகாப்பு நடவடிக்கை எளியவரிடமிருந்து தொடங்குமானால், இழப்பு இரட்டையாகும். உணவு போகும், அதோடு, எந்த ஓடை எந்த மழையில் உயிர் பெறும் என்ற அறிவும் போகும். ஓடைக்குச் செல்வது குற்றமாகிவிட்டால், அங்கே கண்டதை யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள். 1918-ல் தலைப்பிரட்டையின் பெற்றோரைத் தேடிய அறிவியலுக்கு அந்த அறிவு கிடைக்கவில்லை. இன்று ஓடைகள் எங்கெங்கே வற்றுகின்றன, எந்தப் பாறையில் கடந்த ஆண்டு இருந்தது இவ்வாண்டு இல்லை என்று அறிய முயலும் அறிவியலுக்கு அது கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு முதலில் அதை அறிவு என்று ஏற்க வேண்டும். வைத்திருப்பவரைச் சான்றாளராக நடத்த வேண்டும்.

செஷல்ஸைப் பிரிந்து 6.5 கோடி ஆண்டுகளைக் கடந்துவந்த உயிர் இது. டெக்கான் எரிமலைகள் உமிழ்ந்த காலத்தையும், இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதிய காலத்தையும் மண்ணுக்கடியிலிருந்தே கடந்தது. இவ்வாண்டும் முதல் மழைக்கு இடுக்கியின் ஈரமண்ணுக்குள்ளிருந்து அதன் குரல் எழும். சில நாள் கழித்து, மழை கனத்தபின், ஏதோ ஓர் ஓடையில் அதன் குழந்தைகள் பாறையைப் பற்றும். அவை எந்தப் பாறையில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் இன்னும் அந்த மலையில் இருக்கிறார்கள்.